சொக்கம்மா உடையவில்லை

1

இந்தக் கதை எப்படிப் பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். திருவொற்றியூரில் நான் தமிழ் வாத்தியாராக இருக்கும் பள்ளிக்கூடத்தில், எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி வேற்றுமை உருபுக்கு நடுவே மேசைக்கடியில் ஒரு தகரப் படகை வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். சாவி கொடுத்தால் ஓடும் படகு. வழக்கம்போலப் பறிமுதல் செய்தேன். வழக்கம்போல ஆசிரியர் அறையில் நானே விளையாடினேன். பக்கெட் தண்ணீரில் விட்டதும் அது கரகரவென்று ஒரு சுற்று வந்து பக்கெட்டின் ஓரத்தில் முட்டி நின்றது. பட்டணம் முழுக்க இப்படிச் சாவியில் ஓடினால் எப்படி இருக்கும் என்று யோசித்தேன். கதை அங்கே பிறந்தது.

[இது பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை. முதல் பக்கத்திலேயே முழு உண்மையைச் சொல்லும் தைரியம் இருந்திருந்தால் நான் கதை எழுத வந்திருக்கவே மாட்டேன்.]

முதலில் எழுதிய தொடக்கம் இது:

எண்ணூர்க் கடலில் உதயாவின் படகு இரண்டாம் நாளாக அனாதையாக மிதந்துகொண்டிருந்தபோது, காசிமேட்டுக் கரையில் நின்ற அவன் அக்கா மோகனப்ரியா—

இதை விட்டுவிட்டேன். உதயா யார், மோகனப்ரியா யார் என்று தெரியாத உங்களை எடுத்த எடுப்பில் நடுக்கடலில் தள்ளுவது நியாயமில்லை. இரண்டாவது தொடக்கம்:

பெட்ரோல் வாசனையே அறியாத அந்தக் காலைப்பொழுதில்—

இதையும் விட்டேன். அறியவே அறியாத ஒரு வாசனை அங்கே இல்லை என்பதை யார் கவனிப்பார்கள்? ஆகவே வாத்தியார் வேலையே பார்க்கிறேன். சரித்திரப் பாடத்திலிருந்து தொடங்குகிறேன்.

2

1914 செப்டம்பரில் எம்டன் என்ற ஜெர்மானியக் கப்பல் சென்னைக்கு எதிரே வந்து குண்டு போட்டது. கரையில் இருந்த எண்ணெய்த் தொட்டிகள் தீப்பிடித்தன. ஊர் மூட்டை கட்டிக்கொண்டு ஓடியது. கெட்டிக்காரப் பயலை ‘சரியான எம்டன்’ என்கிறோமே, அது அந்தக் கப்பல் விட்டுப்போன பெயர். இதுவரை சரித்திரம். இனி வருவது என் சொந்தச் சரக்கு.

என் கதையில் அந்தத் தீ பத்தொன்பது நாள் எரிந்தது. பயந்துபோன அரசாங்கம், கடற்கரையிலிருந்து ஐம்பது மைலுக்குள் ஒரு சொட்டு மண்ணெண்ணெயோ பெட்ரோலோ இருக்கக்கூடாது என்று சட்டம் போட்டது. அரசாங்கங்கள் மாறின, சட்டம் மாறவில்லை. நிலக்கரியையும் மின்சாரத்தையும் என்ன செய்வது என்று கொஞ்சம் யோசித்துவிட்டு, அவற்றையும் சேர்த்துத் தடை செய்துவிட்டேன். சட்டம் போடுவது எழுத்தாளனுக்குச் சுலபம். [நல்லெண்ணெய்க்கு விலக்கு அளித்திருக்கிறேன். மீன்குழம்பில் கைவைக்க எனக்கு மனமில்லை.]

அதனால் என் வடசென்னை இன்றைக்கும் ஸ்பிரிங்கில் ஓடுகிறது. எண்ணூரில் புகைபோக்கிகள் இருக்க வேண்டிய இடத்தில் வரிசையாகக் காற்றாலைகள் நிற்கின்றன. கடற்காற்றில் அவை சுற்றச் சுற்ற, அடியில் பெரிய ஸ்பிரிங்குகள் முறுக்கேறுகின்றன. முறுக்கேறியதை இரும்பு டப்பாவில் அடைத்து, நம் ஊரில் கேஸ் சிலிண்டர் வருவதுபோல வீடு வீடாகக் கொண்டுவந்து போடுகிறார்கள். மாவரைக்க ஒரு டப்பா, காற்றாடிக்கு ஒரு டப்பா. ராயபுரத்தில் ஏறிய ஷேர் ஆட்டோ திருவொற்றியூர் போய்ச் சேர்வதற்குள் இரண்டு இடத்தில் முறுக்குத் தளர்ந்து நின்றுவிடும். ஓட்டுநர் திரும்பிப் பார்ப்பார். எல்லோரும் வெளியே வேடிக்கை பார்ப்பதுபோல முகத்தை வைத்துக்கொள்வார்கள்.

“இன்னா, அல்லாரும் மாமியார் வூட்டுக்கு வந்தா மாறி குந்திகினுகீறீங்க. யாராச்சும் எறங்கி சாவி குடுங்கப்பா” என்பார்.

3

இந்த உலகத்தில், காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்துக்குப் பின்னால், தகரக்கூரை போட்ட ஒரு பட்டறையில் வசிக்கிறது என் குடும்பம். ‘சாவிக்காரர் வீடு’ என்றால் யாரும் வழி காட்டுவார்கள்.

மூலபுருஷர் பக்தவச்சலம். துறைமுகத்துக் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கும் வேலையில் இருந்தவர். எரிபொருள் இல்லாமல் துறைமுகத்து இயந்திரப் படகுகள் முடங்கிக் கிடந்த 1915இல், ஒரு சாவிக்கு எட்டு நாள் கடிகாரம் ஓடும்போது எட்டு மணி நேரம் படகு ஓடாதா என்று கேட்டார். கேட்டதோடு நிற்காமல் செய்தும் காட்டினார். அதற்குப் பின் நான்கு தலைமுறையாக அந்த வீட்டில் பிறந்தவர்களும், அங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவர்களும், எதையாவது கழற்றி வேறு எதையாவது பூட்டிக்கொண்டே இருக்கிறார்கள்.

இந்த வீட்டுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒரு பொருளைக் கண்டுபிடித்தவர் பெயரை அதற்கு வைக்கமாட்டார்கள். அதில் இருந்த குறை யாரால் வெளியே வந்ததோ, அவர் பெயரைத்தான் வைப்பார்கள். செய்வதற்குக் கெட்டிக்காரத்தனம் போதும், கெடுப்பதற்குத்தான் பெரிய மனசு வேண்டும் என்பது பக்தவச்சலத்தின் கட்சி. பட்டறைச் சுவரில் பழைய படகுப் பலகை ஒன்று தொங்குகிறது. அதில் வெள்ளைப் பெயின்டில் அந்தப் பெயர்கள் எல்லாம் வரிசையாக எழுதப்பட்டிருக்கின்றன. அதில் இடம் கிடைப்பது அந்த வீட்டில் கௌரவம்.

1961இல் கிருஷ்ணப்பன் என்கிற மருமகன் முதல் சாவி ஆட்டோவை ஓட்டிப் பார்த்தார். அதை நிறுத்த எந்த ஏற்பாடும் இல்லை என்பது வண்டி கிளம்பிய பிறகுதான் தெரிந்தது. மூலக்கொத்தளம் சுடுகாட்டு மதிலில் மோதித்தான் நின்றார். “கரீக்டான எடத்துலதான் கொணாந்து வுட்டுச்சு” என்று சிரித்துக்கொண்டே எழுந்து வந்தாராம். இன்றைக்கும் அந்த உலகத்தில் பிரேக்குக்குக் கிருஷ்ணப்பன் என்றுதான் பெயர். மாடு குறுக்கே வந்தால் ஷேர் ஆட்டோவுக்குள்ளிருந்து, “மாமு, கிருஷ்ணப்பன போடு” என்று குரல் வரும்.

இப்போது பட்டறையை நடத்துவது பவுனம்மாள். நிறுத்தத் தெரியாத மாவு இயந்திரம் ஒன்றின் பெயரும் பவுனம்மாள்தான். அவளுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவள் மோகனப்ரியா, முப்பத்திரண்டு வயது, அந்த வீட்டிலேயே சுத்தமாக வேலை செய்கிறவள். இளையவன் உதயா, படகோட்டி. அக்கா செய்வதையெல்லாம் கடலில் சோதித்துப் பார்ப்பவன் அவன்தான். [அப்பா ஜெகதீசனும் உண்டு. ஆள் அதிகமானால் எனக்குக் குழப்பம் வரும் என்பதால் அவரை மீன் ஏலம் எடுக்க அனுப்பிவிட்டேன். மனிதர் கோபித்துக்கொள்ள மாட்டார்.]

4

இனி சொக்கம்மா.

சாவிப் படகில் ஸ்பிரிங்குக்கும், தண்ணீரைத் தள்ளும் விசிறிக்கும் நடுவே ஒரு பித்தளை ஆணி உண்டு. சுண்டுவிரல் நீளம்தான். விசிறியில் வலையோ கயிறோ சிக்கினால் ஆணி பட்டென்று உடைந்துவிடும். விசிறி நிற்கும், ஸ்பிரிங்கும் பல்சக்கரங்களும் பிழைக்கும். படகோட்டி தண்ணீருக்குள் குனிந்து வேறோர் ஆணியைச் செருகிக்கொண்டு வீடு வந்து சேருவான்.

இது எப்படி வந்தது என்றால், பக்தவச்சலத்தின் மகள் சொக்கம்மாள் தண்ணீர் இறைக்கும் இயந்திரத்தில் ஒரு இரும்பாணியைத் தொலைத்துவிட்டு, அப்பாவுக்குத் தெரியாமல் தன் கொண்டை ஊசியைச் செருகி ஓட்டினாள். புடவைத் தலைப்பு சக்கரத்தில் மாட்டிக்கொண்டது. கொண்டை ஊசி உடைந்தது, சக்கரம் நின்றது, சொக்கம்மாள் உயிரோடு இருந்தாள். இரும்பாணி இருந்திருந்தால் அவள் இருந்திருக்கமாட்டாள். அன்றிலிருந்து எல்லா இயந்திரத்திலும் ஓர் இடத்தை வேண்டுமென்றே பலவீனமாக வைக்கிறார்கள். அந்த ஆணிக்குச் சொக்கம்மா என்று பெயர். காசிமேட்டில் கடலுக்குப் போகிறவர்கள், “யக்கா, பத்து சொக்கம்மா குடு” என்று கேட்டு வாங்கி மடியில் கட்டிக்கொண்டு போவார்கள்.

பலகையில் கிருஷ்ணப்பனுக்கு மேலே அவள் பெயர் இருக்கிறது. கடைசிப் பெயர் ஏழு மாதத்துக்கு முன்னால் எழுதியது: ‘உதயா, ஒரு சுற்று அதிகம்’.

5

நடந்தது இதுதான்.

வைகாசியில் உதயா எண்ணூருக்கு வெளியே வலை போடப் போனான். படகு திரும்பவில்லை. மறுநாளும் திரும்பவில்லை. பவுனம்மாள் பட்டறையை மூடவில்லை. கை ஓயாமல் ஏதோ ஒரு டப்பாவைக் கழற்றுவதும் பூட்டுவதுமாக இருந்தாள். மூன்றாம் நாள் காலையில் பழவேற்காட்டுப் படகுக்காரர்கள் அவனைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்து சேர்த்தார்கள். உதடு வெடித்துப் போயிருந்தது. இயந்திரப் பெட்டி பிளந்து கிடந்தது. கரை முழுக்கக் கூட்டம். என்னாச்சு, என்னாச்சு என்று எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள்.

உதயா தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னான். “காலீல அவசரத்துல சாவி குடுத்துகினுகீசொல்ல எண்ண மறந்துட்டன். ஒரு சுத்து எச்சா குடுத்துக்கீறன் போல. அதான் வெடிச்சிகிச்சு.”

அளவுக்கு மேல் ஒரு சுற்று முறுக்கினால் ஸ்பிரிங் வெடிக்கலாம் என்பது குழந்தைக்கும் தெரியும். யாரும் வேறு காரணம் தேடவில்லை.

அன்று மத்தியானம் மோகனப்ரியா தனியாக அந்தப் பெட்டியைத் திறந்தாள். பல்சக்கரங்கள் எல்லாம் சில்லு சில்லாகக் கிடந்தன. விசிறித் தண்டில் பழைய நைலான் வலை ஒன்று கையகலத்துக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. அதற்குப் பக்கத்தில், ஒரு கீறல்கூட இல்லாமல், பளபளவென்று முழுசாக இருந்தது ஆணி.

ஒரு மாதத்துக்கு முன்னால் அவளே செய்து மாட்டியது. ஒவ்வொரு தடவையும் சொக்கம்மா உடைந்து, தம்பி அலையில் தலைகுப்புறத் தொங்கிக்கொண்டு வேறு மாட்டுகிறான், என்றாவது ஒருநாள் விழுந்துவிடுவான் என்று அவளுக்குப் பயம். வண்ணாரப்பேட்டையில் பழைய இரும்பு வியாபாரம் செய்யும் அத்தாவுல்லா பாயிடம் போய், ரயில்வண்டி ஸ்பிரிங்கிலிருந்து வெட்டிய எஃகுத் துண்டு ஒன்று வாங்கி வந்தாள். “இத்த ஒடைக்கிறதுக்கு ஒர்த்தன் பொறந்து வரணும்மா” என்று அவர் சொன்னார். கடைந்து, தேய்த்து, பித்தளைப் பூச்சுப் பூசி மாட்டிவிட்டாள். தம்பியிடம் சொல்லவில்லை. சொன்னால் கேலி செய்வான்.

உடைவதற்காகவே இருந்த ஒன்றை அவள் பாசத்தால் உடையாததாக்கிவிட்டாள். அந்த ஆணி உடைந்திருந்தால் உதயா அன்றைக்கே வீட்டுக்கு வந்து மதியச் சோறு தின்றிருப்பான்.

அவள் ஆணியை எடுத்துத் துப்பட்டா முனையில் முடிந்துகொண்டாள். மூன்று நாள் கழித்து, பலகையில் எழுதுகிற வேலை வந்தது. வீட்டில் கையெழுத்து அழகாக இருப்பது அவளுக்குத்தான். தம்பியின் பெயரை அவளே எழுதினாள்.

6

இந்த இடத்தில் எனக்கு மோகனப்ரியாமேல் சந்தேகம் வந்துவிட்டது. யாராக இருந்தாலும் முகத்துக்கு நேரே பேசுகிறவள் அவள். குறையைச் சொன்னால் கௌரவம் கிடைக்கிற வீட்டில் பிறந்தவள். அவள் போய் ஏழு மாதம் வாயைத் திறக்காமல் இருப்பாளா? நீங்களே கேட்பீர்கள்.

நான் யோசித்துப் பார்த்தேன். முதல் நாள் சொல்லாததற்குக் காரணம் அதிர்ச்சி. இரண்டாம் நாள், தம்பி திரும்பி வந்த சந்தோஷத்தில் ஊரே இருக்கும்போது அதைக் கெடுப்பானேன் என்று. எட்டாம் நாள் சொல்லாததற்குக் காரணம், ஏழு நாள் சொல்லவில்லை என்பது மட்டும்தான். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் முந்தின நாளையும் சேர்த்துச் சுமக்கிறது.

[இந்தப் பத்தியை யோசித்து எழுதினேன் என்றது சரியில்லை. பேனா எடுத்ததும் தானாக வந்துவிட்டது. என் கதையில் வேறெதுவும் இவ்வளவு சுலபமாக வரவில்லை.]

அவள் வாயை மூடிக்கொண்டிருந்ததால் உதயாவுக்கு என்ன ஆனது என்பதையும் சொல்ல வேண்டும். காசிமேட்டில் இப்போது அளவுக்கு மேல் முறுக்குவதற்கு அவன் பெயர்தான். “டேய், பாத்து, உதயா பண்ணிடாத” என்கிறார்கள். அவன் எதிரிலேயே சொல்கிறார்கள். அவனும் சேர்ந்து சிரிக்கிறான். ஆனால் அதற்குப் பிறகு அவன் படகில் ஏறவில்லை. மீஞ்சூரில் கடல்நீரை நல்ல தண்ணீராக்கும் ஆலையில் அவனுக்கு வேலை கிடைத்திருக்கிறது. முள் எந்த எண்ணில் நிற்கிறது என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் வேலை. நாளைக்கு, ஞாயிற்றுக்கிழமை, அங்கேயே தங்கப் போகிறான். பதினாறு வயதிலிருந்து கடலில் கிடந்தவன், தன் கையை நம்பாமல் போகிறான்.

அவன் போவதற்குள் அவள் சொல்ல வேண்டும். இதுதான் கதை.

7

முடிவுகள் மூன்று எழுதினேன்.

முடிவு ஒன்று. மோகனப்ரியா கடற்கரைப் பாறையில் நின்று ஆணியைக் கடலில் வீசுகிறாள். அலை அதை வாங்கிக்கொள்கிறது. எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. பிறகு படித்துப் பார்த்தால், தடயத்தை அழித்துவிட்டு வீட்டுக்குப் போகிற ஒருத்தியைத்தான் அழகாக எழுதி வைத்திருக்கிறேன்.

முடிவு இரண்டு. பவுனம்மாளுக்கு ஆரம்பத்திலிருந்தே எல்லாம் தெரியும். ‘பெத்தவளுக்குத் தெரியாதா’ என்று ஒரு வசனம். இது சோம்பேறித்தனம். அம்மாக்களுக்கு எல்லாம் தெரியும் என்று எழுதிவிட்டால் பிள்ளைகள் எதையும் சொல்ல வேண்டியதில்லை.

முடிவு மூன்று. உதயா தற்செயலாகத் துப்பட்டா முடிச்சைப் பார்த்து, தானே புரிந்துகொண்டு, தானே மன்னித்து, அக்காவை அணைத்துக்கொண்டு—

இதை முடிக்கவில்லை. மன்னிப்பதற்கு முன்னால், மன்னிக்க என்ன இருக்கிறது என்று யாராவது அவனிடம் சொல்ல வேண்டாமா?

8

சரி, சனிக்கிழமை மத்தியானம். பட்டறையில் அம்மா, மகள், மகன் மூன்று பேரும் இருக்கிறார்கள்.

பவுனம்மாள் மகனுக்குச் சோறு ஆறாமல் இருக்க ஒரு தூக்குச்சட்டி செய்துகொண்டிருந்தாள். ஸ்பிரிங் சுற்றினால் உள்ளே இரண்டு தகடு உரசிச் சூடு தரும். நேற்று முழுக்கச் சோதனை செய்ததில் குழம்பு கூரைவரைக்கும் போயிருந்தது. உதயா துணிமணியை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு, சுவர்க் கடிகாரம் நின்றுபோயிருப்பதைப் பார்த்து அதற்குச் சாவி கொடுக்கப் போனான்.

“ஒண்ணு. ரெண்டு. மூணு” என்று வாய்விட்டு எண்ணினான்.

“அது கடியாரம்டா” என்றாள் பவுனம்மாள். “ஒரு சுத்து எச்சா குடுத்தா இன்னா, வூடா முழுகிடப் போவுது?”

“ஒண்ணியும் இல்லம்மா. பயக்கமாய்ட்ச்சு. நாலு. அஞ்சு.”

எட்டு வந்ததும் நிறுத்தினான். சாவியை எடுத்துவிட்டு, கடிகாரத்தில் காதை வைத்துக் கேட்டான். அவன் அப்படிக் காதை வைத்துக்கொண்டு நிற்பதை மோகனப்ரியா பார்த்தாள். துப்பட்டா முடிச்சில் கைவைத்தாள். அவள்—

அவள்—

இதற்குமேல் எட்டு முறை எழுதிப் பார்த்தேன். எட்டு முறையும் அவளை அங்கேயே நிற்கவைத்துவிட்டுத் தாளைக் கிழித்தேன். ஒன்பதாவது முறை அவள் தம்பியைப் பார்க்கவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தாள். நீங்கள் நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி.

“இன்னா சார், எட்டு தபா என்ன இங்க கொணாந்து நிக்க வெச்ச. எட்டு தபாவும் வுட்டுட்டுப் பூட்ட. ஒனக்கு இன்னா பேஜாரு?”

“அடுத்த வரி வரமாட்டேன் என்கிறது” என்றேன்.

“வர்லியா, வோணாவா?”

நான் பேனாவை மூடினேன்.

“நான் சொல்றது கெடக்கட்டும். நீ சொல்ட்டியா?” என்றாள்.

9

என் தம்பி பெயர் பாஸ்கர். என்னைவிட நான்கு வயது சின்னவன். ராயபுரத்தில் ஒரு தையல்கடை வைத்திருந்தான். எம்டனும் சாவிப் படகும் இல்லாத, நீங்களும் நானும் இருக்கும் இந்த ராயபுரத்தில்.

ஆறு வருஷத்துக்கு முன்னால், தீபாவளி நெருக்கத்தில், இரண்டு தையல் மெஷினும் அயர்ன் பாக்ஸும் ஒன்றாக ஓடும்போது கடையில் ஃபியூஸ் போய்க்கொண்டே இருந்தது. ஒரு நாளைக்கு நான்கு தடவை அவன் ஸ்டூல்மேல் ஏறிக் கம்பி மாற்றுவதைப் பார்த்தேன். அவன் டீ குடிக்கப் போயிருந்தபோது, நான் ஸ்டூல்மேல் ஏறி, மூன்று இழையை ஒன்றாக முறுக்கித் தடிக் கம்பியாகப் போட்டுவிட்டேன். அதற்குப் பிறகு ஃபியூஸ் போகவில்லை. தம்பி ஆச்சரியப்பட்டான். நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். அவனுக்கு ஒரு உதவி செய்த சந்தோஷம் எனக்கு நாலு நாள் இருந்தது.

ஐந்தாம் நாள் கடை எரிந்தது. யாருக்கும் காயமில்லை. ஊராருடைய தீபாவளித் துணி எல்லாம் போய்விட்டது. பாஸ்கர் தெருவில் நின்று, “அயர்ன் பாக்ஸ ஆஃப் பண்ணனான்னு ஞாபகம் இல்லண்ணே” என்றான். எல்லோரும் அதையே பிடித்துக்கொண்டார்கள். மறுநாள் கரியைக் கிளறியபோது எனக்கு ஃபியூஸ் கட்டை கிடைத்தது. பீங்கான் கருகியிருந்தது. சுவரில் ஓடிய ஒயர் முழுக்க உருகியிருந்தது. என் கம்பி மட்டும் முழுசாக இருந்தது. அதை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். இப்போது அது என் மேசை இழுப்பறையில், சாக்பீஸ் டப்பாவுக்குள் இருக்கிறது.

பாஸ்கர் இன்று புளியந்தோப்பில் வேறொருவர் கடையில் துணி வெட்டுகிறான். கல்யாணத்துக்குக் குடும்பமாகக் கிளம்பினால் யாராவது ஒருவர், “பாஸ்கரு, அயர்ன் பாக்ஸ ஆஃப் பண்ணியா?” என்று கேட்காமல் இருப்பதில்லை. அவனும் சிரிப்பான். நானும் சிரித்திருக்கிறேன். தினமும் காலையில் வேலைக்குக் கிளம்பி பஸ் நிறுத்தம்வரை போய்விட்டு, அவன் வீட்டுக்குத் திரும்பி வருகிறான். எல்லா சுவிட்சையும் தொட்டுப் பார்த்துவிட்டு மறுபடி போகிறான். சில நாள் இரண்டு தடவை.

ஒரு துண்டுக் கம்பியைப் பற்றிச் சொல்லாமல் இருப்பதற்காக நான் நூற்றுப்பத்து வருஷச் சரித்திரத்தை மாற்றினேன். எண்ணெயைத் தடை செய்தேன். மின்சாரத்தை ஏன் தடை செய்தேன் என்று உங்களுக்கு இப்போது புரிந்திருக்கும். மின்சாரம் இல்லாத ஊரில் ஃபியூஸ் இருக்காது.

10

மோகனப்ரியா நான் எழுதுவதற்குக் காத்திருக்கவில்லை.

ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, பலகையில் கடைசி வரியைத் தேய்க்க ஆரம்பித்தாள். மண்ணெண்ணெய் இருந்தால் துணியில் தொட்டு ஒரு நிமிடத்தில் பெயின்டை அழித்துவிடலாம். அந்த உலகத்தில் அது இல்லை. உப்புத்தாள் போட்டுத்தான் தேய்க்க வேண்டும். நேரமாகும், சத்தமும் வரும். அந்தச் சத்தத்தில் பவுனம்மாள் தூக்குச்சட்டியைக் கீழே வைத்தாள்.

“இன்னாக்கா பண்ணிகினுகீற?” என்றான் உதயா.

“ஒம் பேர அயிச்சிகினுகீறன்.”

“எதுக்கு? நான் ஒண்ணியும் தப்பா எட்த்துக்கல. நம்ம வூட்டு வயக்கம்தான அது?”

“வயக்கம்னுதான் அயிக்கிறன். அந்தப் பலகைல பொய் கீது.”

இறங்கி வந்தாள். துப்பட்டா முடிச்சை அவிழ்த்தாள். ஏழு மாத முடிச்சு, சட்டென்று அவிழவில்லை. பல்லால் கடித்து அவிழ்த்தாள். ஆணியை அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

“சொக்கம்மா” என்றான். புரட்டிப் பார்த்தான். “ஒடையவேயில்லியே இது.”

“எப்டி ஒடையும்? எஃகுலல்ல செஞ்சு வெச்சன். நீ தண்ணில தொங்கிகினு மாட்றதப் பாத்து பயந்துகினு செஞ்சன். ஒன்னாண்ட சொல்லல. அன்னிக்கு வல மாட்டிகிச்சு, இது ஒடையல, அதான் பொட்டி ஒடஞ்சிச்சு. சுத்து எச்சா குடுக்கல நைனா நீ. கரீக்டாத்தான் குடுத்துகீற. நீ வந்த அன்னிக்கே எனக்குத் தெரியும்.”

குரல் உடையவில்லை. கடைசி வார்த்தைவரை சொல்லி முடித்த பிறகுதான் உட்கார்ந்தாள். பவுனம்மாள் எழுந்து வந்து, மகள் தலையிலா மகன் தோளிலா எங்கே கைவைப்பது என்று தெரியாமல், பாதி அழிந்த பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

உதயா ஆணியையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தலையை நிமிர்த்தினான். சொன்னான்:

. . . . . . . . . . . . . . .

11

பாஸ்கர்,

எந்தப் புத்தகத்தையும் நீ கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிப்பாய். சின்ன வயதில் அதற்காக உன்னை எத்தனை தடவை தலையில் குட்டியிருக்கிறேன். இதையும் அப்படித்தான் எடுத்திருப்பாய். நல்லதுதான், இதை முதலில் படி.

கடை எரிந்தது அயர்ன் பாக்ஸால் இல்லடா. உன் ஃபியூஸில் தடிக் கம்பி போட்டது நான். போட்டதை உன்னிடம் சொல்லவில்லை. எரிந்த மறுநாளே எனக்குத் தெரியும். ஆறு வருஷமாகச் சொல்லவில்லை. கம்பி என்னிடம்தான் இருக்கிறது. இந்தத் தாளோடு சேர்த்து வைத்திருக்கிறேன்.

இனி முதலிலிருந்து படி. சாவியில் ஓடும் ஒரு ஊர் இருக்கிறது, உனக்குப் பிடிக்கும். கிருஷ்ணப்பன் வரும் இடத்தில் நீ சிரிப்பாய் என்று நினைத்துத்தான் எழுதினேன். பத்தாம் பகுதியின் முடிவில் உதயா என்று ஒரு தம்பி கையில் ஆணியோடு நிற்கிறான். அவன் அக்காவிடம் என்ன சொன்னான் என்று எனக்குத் தெரியவில்லை. அப்படி ஒரு நேரத்தில் ஒரு தம்பி என்ன சொல்வான் என்பதை அண்ணன் எழுதக்கூடாது. அந்த வரியைப் புள்ளி வைத்து விட்டிருக்கிறேன். நீ எழுது. திட்டியிருந்தால் திட்டியதையே எழுது. பேசாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான் என்றாலும் அதையே எழுது. பிழை திருத்தியே சம்பளம் வாங்குகிறவன் சொல்கிறேன், ஓர் எழுத்தைக்கூடத் திருத்தமாட்டேன்.

ஒன்று மட்டும் செய். நாளைக்குக் காலையில் பஸ் நிறுத்தத்துக்குப் போனதும் வீட்டுக்குத் திரும்பாதே. பஸ் வந்தால் ஏறிக்கொள்.